யாரும் வெட்டாத காய்

தாயத்தில் ஒருத்தரையே குறி வைத்து எல்லாரும் வெட்டுவது நியாயமா என்று யாராவது கேட்டால், முதலில் அவர்களை உட்காரச் சொல்வேன். ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்புகிற பதில் என்னிடம் இல்லை. நம் வயதுக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் நாலு நிறக் காய்களை வைத்துக்கொண்டு இதே சண்டையைத்தான் போடுகிறார்கள். அதில் ஒன்று அழுதுகொண்டே எழுந்து வரும், எல்லாரும் சேர்ந்து என்னையே வெட்டுகிறார்கள் என்று. பெற்றவர்கள் உடனே நீதிபதி ஆகிவிடுகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. சும்மா இருக்கிற ஆள் இல்லை நான், அது உங்களுக்கே தெரியும். இந்த ஒரு வழக்கில் மட்டும் என் சின்ன வயதுக் கோடை விடுமுறை ஒன்று குறுக்கே வந்து நின்றுகொள்ளும்.

அந்தக் கோடையில் எங்களுக்குத் திருப்பூர் புதிது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து அப்பா முதலில் வந்தார். ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து கொஞ்சம் கை பழகியதும் அம்மாவையும் என்னையும் தம்பியையும் அழைத்துக்கொண்டார். மண்ணரையில் லைன் வீடு. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், முன்னால் நீளமாக ஒரு சிமெண்ட் வாசல், கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு அடிபம்பு. தண்ணீர் உப்பு. அதில் குளித்தால் தலைமுடி தேங்காய் நாராகிவிடும். காற்றில் எப்போதும் ப்ளீச்சிங் வாடை அடிக்கும். பவர் டேபிள் என்கிற கரண்ட் தையல் மிஷின்கள் ஓடும் பக்கத்துக் கம்பெனிகளின் சத்தம் காலையில் தொடங்கினால் இருட்டும்வரை ஓயாது. கரண்ட் போனால் ஊரே சட்டென்று அடங்கும். அப்போதுதான் காக்காய் கத்துவதே காதில் விழும்.

அந்த வாசலில்தான் நாங்கள் தாயம் ஆடினோம். பனியன் பாக்கெட்டுக்குள் வைக்கிற அட்டைகளை ஒட்டி ஒரு பெரிய அட்டை ஆக்கி, துணியில் குறி போடுகிற சாக்பீஸால் அதில் கட்டம் வரைந்திருந்தார்கள். புளியங்கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து ஒரு பக்கம் வெள்ளையாக்கினால் அதுதான் பகடை. தேய்க்கும்போது விரல் சுடும், ஒரு கருகல் வாசம் வரும். காய்களெல்லாம் அவரவர் வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்தவை. ஒருத்தருக்கு பட்டன், ஒருத்தருக்கு உடைந்த நூல் கோனின் துண்டுகள். எனக்குத் தேய்ந்துபோன நீலச் சாக்பீஸ் துண்டுகள். விரலெல்லாம் நீலமாக இருக்கும், அதோடேயே சாப்பிட உட்கார்ந்து அம்மாவிடம் அடி வாங்குவேன்.

ஆடுகிறவர்கள் நாலு பேர். வீட்டுக்காரம்மாவின் மகன் எங்களுக்கெல்லாம் மூத்தவன், மீசை முளைக்கிறதா என்று கண்ணாடி பார்க்கிற வயது. கம்பெனியில் தைத்த பனியனைத் தேய்த்து மடிக்கிற அயர்ன் மாஸ்டர் அடுத்த அறை, அவர் மகள் என் வயது. பிறகு நான், என் தம்பி. தம்பிக்கு ஆட்டம் தெரியாது, கொட்டையை வீசுவதற்காக மட்டும் உட்கார்ந்திருப்பான்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. அடுத்தவர் காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் நம் காய் உள்கட்டத்துக்குள் நுழையலாம். எங்கள் ஊரில் அப்படி இல்லை. எங்கள் ஊரில் வெட்டுவது என்றால் கோபம். சுற்றி வந்து பழம் எடுத்தால் போதும், யாரையும் வெட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. அதனால் நான் தாயம் விழுந்ததும் ஒரே காயை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடுவேன். குறுக்குக் கோடு போட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர், அதில் உட்கார்ந்துவிட்டால் யாரும் வெட்ட முடியாது. எனக்கு அங்கே உட்காரப் பொறுமை இருக்காது. தனியாக ஓடுகிற காய் எல்லாருக்கும் வாட்டமாக இருக்கும். வீட்டுக்காரம்மா மகன் வெட்டுவான், மறுபடி தாயம் போட்டு இறங்குவேன், அயர்ன் மாஸ்டர் மகள் வெட்டுவாள். தம்பிகூடத் தெரியாத்தனமாக வெட்டிவிட்டுக் கை தட்டுவான்.

முதலில் அழுதேன். அதை மறைக்க ஒன்றுமில்லை, ஓவென்று அழுதேன். ஆனால் அழுதுகொண்டே ஆடினேன் என்பதைத்தான் பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. வெட்டுப்பட்ட காயைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது தாயம் விழும், எப்போது இவனைப் பிடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சூடு இருக்கிறது. அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் வீட்டுக்காரம்மா மகனின் பட்டனை முதல்முறை வெட்டிய அன்று அவன் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கியது.

இதற்கு நடுவில் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய், அப்பா வீட்டுக்கு வந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரம் பார்த்து என் காய் வெட்டுப்பட்டது. வெட்டியது வீட்டுக்காரம்மா மகன். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை நாக்கிலேயே ஊறியது. விளையாட்டிலும் விடமாட்டார்கள். "ஏனுங், உங்க காய வெட்டிப்போட்டனுங்க" என்றான் என்னிடம். அயர்ன் மாஸ்டர் மகள் சிரித்தாள். நான் அழ ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரில் ஒரு பையன் தன்னைவிடச் சின்னப் பெண்ணுக்கு "ங்க" போட்டால் அது நக்கல். அப்பாவுக்கு அது அப்படியே போய்த் தைத்துவிட்டது. வெட்டியதுமில்லாமல் கேலி வேறு. அவர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அப்போது அவருக்குக் கம்பெனியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. அம்மா ரொம்பக் காலம் கழித்துச் சொன்னாள். அவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே பேட்ச்சாக வேலை பார்த்தார்கள். செக்கிங்கில் எந்த பீஸ் திரும்பி வந்தாலும் நேராக அப்பாவின் மிஷினுக்குத்தான் வரும். சிலது அவர் தைத்தது, புதுக் கை. பலது அவர் தொடாதது. "அண்ணா, இது உங்க பீஸுங்க" என்று பணிவாகச் சொல்லி வைத்துவிட்டுப் போவார்களாம். அவர் வாய் திறக்காமல் தையலைப் பிரித்து மறுபடி தைப்பார். அவர்கள் நிஜமாகவே அவரை ஒதுக்கினார்களா, அல்லது அந்தப் பணிவையும் அவர் நக்கல் என்றே எடுத்துக்கொண்டாரா என்று இப்போது யோசிக்கிறேன். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

இரண்டொரு நாளில் அப்பா முடிவைச் சொன்னார். பள்ளிக்கூடம் திறக்கும் முன் என்னை ஊரில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. இந்த ஊர் புள்ளைக்கு ஆகாது என்றார். தம்பி சின்னவன், அவன் இங்கேயே இருக்கட்டும். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் காதிலேயே வாங்கவில்லை.  பெரியம்மா நல்லவள்தான், எனக்கென்று எடுத்து வைத்துப் பலகாரம் தருவாள். ஆனால் இரவில் அம்மா பக்கத்தில் இல்லாமல் எப்படித் தூங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட, தம்பி மட்டும் இங்கே இருப்பான், என்னை மட்டும் அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தாங்கவே இல்லை.

அம்மா மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. மறுநாள் அடிபம்பில் குடத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அப்புறம் அந்த லைன் முழுக்க அதே பேச்சு. மூன்று பேர் சேர்ந்து ஒரு பிள்ளையை வெட்டுவது என்ன விளையாட்டு என்று அம்மா கேட்டாள். முன்னால் ஓடுகிற காயை வெட்டாமல் பின்னால் நிற்கிற காயையா வெட்டுவார்கள் என்று அயர்ன் மாஸ்டரின் மனைவி கேட்டாள். அழுகிற பிள்ளையைப் பார்த்தும் எப்படி மறுபடி வெட்ட மனசு வருகிறது என்றாள் அம்மா. அழுதால் விட்டுவிடுவது என்றால் எல்லாருமே அழுவார்களே என்றாள் அவள். அயர்ன் மாஸ்டர் திண்டுக்கல் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "காயப் பாத்து வெட்டுனாத் தப்பில்லீங்க. ஆளப் பாத்து வெட்டுனாத்தான் தப்பு." அவர் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை. அவர் வேலையே எல்லாவற்றையும் தட்டையாக்குவது என்று அவர் மனைவியே கிண்டல் செய்தாள்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது வீட்டுக்காரம்மா. நல்ல மனுஷி. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டில் குழம்பு இல்லை என்றால் தன் வீட்டுக் குழம்பைக் கொண்டுவந்து ஊற்றுவார். இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றார். "பொழைக்க வந்த எடத்துல புள்ளைய ஏஞ்சாமி அழுக வெக்கறீங்க? இனிமே ஒருத்தரும் இந்தக் கண்ணோட காயத் தொடக்கூடாது. தொட்டீங்கன்னா அட்டையக் கிழிச்சு அடுப்புல போட்டுப்போடுவேன்."

அதோடு என் காயை வெட்டுவது நின்றது.

முதல் நாள் எனக்குக் கொண்டாட்டம். நீலச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ராணி மாதிரி ஊர்வலம் வந்தேன். நான் யாரையாவது வெட்டலாம், என்னை யாரும் வெட்டக்கூடாது. மலையில் உட்கார வேண்டாம், பயப்பட வேண்டாம். பழம் எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். அதற்கு அடுத்த நாள் நான் கடைசிக் காயையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தபோது, அவர்கள் மூன்று பேரும் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அவர்களுக்குள் மும்முரமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கெலித்துவிட்டேன் என்று சொன்னேன். சரிங்க என்றான் வீட்டுக்காரம்மா மகன், தலை நிமிராமல்.

உங்களுக்கு ஒப்புக்குச் சப்பாணி ஞாபகம் இருக்கும். ஓடிப்பிடித்து விளையாடும்போது குட்டிப் பிள்ளைகளை ஆட்டத்தில் சேர்த்தது போல் சேர்த்து, பிடிபட்டாலும் அவுட் இல்லை என்று விட்டுவிடுவோம். அந்தப் பிள்ளை அவுட் ஆகாது, ஆட்டத்திலும் இருக்காது. நான் அப்படி ஆகிப்போனேன். என் தம்பியை வெட்டினார்கள், அவன் கத்தினான், சண்டை போட்டான், அவன் பெயர் வாசல் முழுக்கக் கேட்டது. என் காய் கட்டத்தில் நடப்பது ஒரு எறும்பு நடப்பது போலத்தான். ஒருநாள் மலையில் உட்காராமல், வேண்டுமென்றே அயர்ன் மாஸ்டர் மகளின் காய்க்கு ஒரு கட்டம் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவைத்தேன். அவளுக்குத் தாயம் விழுந்தது. என்னை வெட்டாமல் வேறு காயை எடுத்து எங்கேயோ நகர்த்தினாள்.

பம்படியில் அவளைத் தனியாகப் பிடித்தேன். ஏன் வெட்டவில்லை என்று சண்டைக்குப் போனேன். அட்டை போனால் போகிறது, வேறு அட்டை செய்துகொள்ளலாம், என்னை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அட்டைக்காக ஒன்றுமில்லை என்றாள்.

"உன்ன வெட்டுனா உங்கப்பா உன்ன ஊருக்கு அனுப்பிப்போடுவாராமா. வெட்டாம உட்டா இங்கயே இருப்பியாமா. அந்த அண்ணந்தான் சொல்லுச்சு, யாரும் வெட்டாதீங்கன்னு."

 அதுவரை அவர்களுக்கு நான் வேண்டாதவள் ஆகிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் தோளில் கை போட்டுக்கொள்ளத் தெரியாத பிள்ளைகள் நாங்கள். அவள் குடத்துக்கு நான் தண்ணீர் அடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் மனசு நிறைந்துபோய் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னை இருக்க வைப்பதற்காக ஆட்டத்தையே பாழாக்கிக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் நான் இங்கே இருப்பேன், ஆனால் இருந்தும் இல்லாதவளாக இருப்பேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. கம்பெனி லீவு. அப்பா வாசலில் நிழலில் உட்கார்ந்து, அம்மா வீட்டு வேலையாக வாங்கிவந்திருந்த பனியன் கட்டைப் பிரித்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். தையல் முடிந்து தொங்குகிற நூல் நுனிகளை நறுக்குகிற வேலை அது. மடி முழுக்க வெள்ளை நூல். நாங்கள் எதிரே அட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம்போல் கெலித்தேன். வழக்கம்போல் ஒருவரும் நிமிரவில்லை. எனக்கு எங்கிருந்து வந்ததோ, புளியங்கொட்டைகளை அள்ளி வாசலில் வீசி எறிந்தேன். இனிமேல் இந்த ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்று கத்தி அழுதேன்.

அப்பா கத்திரியை நிறுத்தினார்.

"என்னத்தா, நீதான செயிச்ச? செயிச்சிட்டு எதுக்கு அழுவுற?"

"யாருமே என்னைய வெட்ட மாட்டேங்காங்க."

"வெட்டுனாலும் அழுவுற, வெட்டாட்டியும் அழுவுற. ஒனக்கு என்னதான் வேணும்?"

"வெட்டுனா நானும் திருப்பி வெட்டலாம்ல" என்றேன்.

அப்பா கத்திரியைக் கீழே வைத்தார். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன், இன்றைக்கே பெட்டி கட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மடியில் கிடந்த நூலைத் தட்டிவிட்டார். பனியன் கட்டை ஓரமாக நகர்த்தினார். சிதறிக் கிடந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்து தம்பியை நகரச் சொல்லி அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மறுபடி ஆரம்பிங்க, எல்லாரும் எல்லாரையும் வெட்டலாம் என்றார். வீட்டுக்காரம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

பெரியவர் உட்கார்ந்ததும் எங்களுக்குக் கை ஓடவில்லை. அவருக்கு எடுத்த எடுப்பில் தாயம் விழுந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி ஒரே காயை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடினார். நான் எப்படி ஓடினேனோ அதே மாதிரி, மலையில் நிற்காமல், திரும்பிப் பார்க்காமல். வீட்டுக்காரம்மா மகனுக்கு எண்ணிக்கை சரியாக விழுந்தது. காயைத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

"ஏனுங் மாமா, வெட்டட்டுங்களா?"

அப்பா அவன் முகத்தையே பார்த்தார். அதில் நக்கல் இருக்கிறதா என்று தேடினார் என்றுதான் இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. மீசை முளைக்காத அந்த முகத்தில் பயம்தான் இருந்தது.

"என்கிட்ட கேட்டுட்டா வெட்டுவ? வெட்டுலே" என்றார்.

அவன் வெட்டினான். அப்பா மறுபடி இறங்கினார், அயர்ன் மாஸ்டர் மகள் வெட்டினாள். மூன்றாவது நான் வெட்டினேன், பெற்ற அப்பா என்று பார்க்கவில்லை. பிறகு அவன் என்னை வெட்டினான், நான் கத்தினேன், எனக்கு உயிர் வந்தது. தம்பி அப்பாவின் முதுகில் தொங்கிக்கொண்டு எங்கே நகர்த்த வேண்டும் என்று தப்புத்தப்பாக யோசனை சொன்னான். அப்பாவின் காய் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. மலையில் நில்லுங்கள் மாமா, மலையில் நில்லுங்கள் என்று வீட்டுக்காரம்மா மகனே அவருக்குச் சொல்லிக்கொடுத்தான், சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த காயையும் வெட்டினான். அப்பா சிரித்துவிட்டார். திருப்பூருக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பல் எல்லாம் தெரிய, கண்ணில் நீர் வர.

சத்தம் கேட்டு அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். அட்டையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்கும் இதுதான் நேரம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"புள்ளைய எப்பக் கொண்டுபோயி விடப் போறீக? அக்காவுக்குச் சொல்லி விடணும்ல" என்று கேட்டாள்.

 அயர்ன் மாஸ்டர் மகள் தரையைப் பார்த்தாள். அப்பா தலையைத் தூக்கவே இல்லை. கொட்டைகளைக் கைக்குள் குலுக்கிக்கொண்டே சொன்னார்.

"பேசாம இரு. இந்தப் பயல ஒரு வெட்டாவது வெட்டாம நான் இந்த ஊர விட்டுப் போறதா இல்ல."

ஊருக்குப் போக இருந்தது நான் மட்டும்தான் என்று அத்தனை நாளும் நான் நினைத்திருந்தேன்.